கட்டையன் எந்தக் கண்ணில் தெரிந்தான்

போன மாதம் போனில் ஒரு பட்டியல் வாசித்தேன். எத்தனையோ வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரு கேம் வரிசை. ஒரு குட்டி மனிதன் ஓடுவான், குதிப்பான், குழியில் விழுவான், மறுபடி ஓடுவான். டீவியில் பூட்டி விளையாடும் பாகங்களையும் கையில் வைத்து விளையாடும் பாகங்களையும் சேர்த்து, நல்லதிலிருந்து மோசமானது வரை ஒருவர் அடுக்கியிருந்தார். கையில் வைத்து விளையாடும் பாகங்கள் மூன்றும் அடியில் கிடந்தன. முதலாவதில் உருவங்கள் எறும்பைப் போலச் சிறியவை என்று எழுதியிருந்தார். இரண்டாவதில் உருவங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை, திரையை அடைத்துக்கொள்கின்றன, எதிரே என்ன வருகிறதென்று தெரியாது என்றார். மூன்றாவதைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லையாம். இவற்றை உண்மையான பாகங்களாக எடுக்கத் தேவையில்லை என்று முடித்திருந்தார்.

எனக்கு வந்த கோபம் அந்தப் பட்டியலின் தகுதிக்கு மிஞ்சியது. மறுமொழி எழுதும் பெட்டியைத் திறந்து மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற டீச்சர், ஐந்து வயதுப் பிள்ளையின் தாய், முகம் தெரியாத ஒருவரோடு விளையாட்டுச் சாமானுக்காகச் சண்டை பிடிப்பதா? என் சண்டை அவரோடு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் எழுதிய ஒவ்வொரு குறையும் என் மகளின் கண்ணோடு சம்பந்தப்பட்டது. அங்கே அழித்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்த மூன்று பாகங்களும் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு வந்தது அண்ணன் மூலமாக. அவர் கொழும்பில் ரேடியோ, டீவி திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்தார். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை, கடை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். கூடவே மூன்று கேம் கட்டைகள். திரைக்குள் வெளிச்சம் கிடையாது. வாசலில் உட்கார்ந்து, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதாவது தெரியும். பனி மூட்டம் இறங்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். லயத்தில் என் வயதுப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் ஒரு பெட்டிக்கு முன்னால் தலையை முட்டிக்கொண்டு நிற்போம்.

கேமின் கதாநாயகனுக்கு உள்ள பெயர் எங்களுக்குத் தெரியாது. கட்டையன் என்று கூப்பிட்டோம். ஒவ்வொரு கட்டத்தையும் மலை என்றோம். தோட்டத்தில் தேயிலை மலைகளுக்கு நம்பர் இருப்பதுபோல ஒன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. வழியில் பொறுக்கும் நட்சத்திரங்கள் கொழுந்து. போதுமான கொழுந்து இல்லாமல் ஒரு மலையை முடித்தால் அரைப்பேர். நிறை குறைந்த நாளில் அம்மாமாருக்கு அரை நாள் வேலை மட்டும் பதிவார்களே, அதுதான் அரைப்பேர். கேமில் அரைப்பேர் வாங்கியவர் அடுத்த முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை எங்கள் மீது யாரும் திணிக்கவில்லை. நாங்களே போட்டுக்கொண்டோம். இப்போது நினைத்தால் அதற்கும் கோபம் வருகிறது.

டீவியில் விளையாடும் பெரிய பாகங்கள் இருக்கின்றன என்பதே எனக்கு ஆசிரியர் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு முழுசாகத் தெரிந்த ஒன்றுக்கு, முழுசையும் பார்த்த ஒருவர் வந்து அரைப்பேர் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

இனி கண்ணுக்கு வருகிறேன்.

என் மகளுக்கு ஒரு கண்ணில் பார்வை மிகவும் குறைவு என்பது முன்பள்ளியில் நடந்த பரிசோதனையில் தெரியவந்தது. நாங்கள் கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அங்கிருந்து பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாறுகண் இல்லை. இரண்டு கண்ணும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருந்தன. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. பிறந்த நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவை.

டொக்டர் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் விளக்கினார். ஒரு கண் தெளிவாகப் பார்ப்பதால் மூளை மற்றக் கண்ணைச் சட்டை செய்வதில்லை. நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் ஒட்டி மூடி வைத்தால் மற்றது வேலை செய்யப் பழகும். ஏழு, எட்டு வயதுக்குள் செய்தால்தான் பலன், பிறகு கஷ்டம். கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார். மூடியிருக்கும் நேரத்தில் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். நிறம் தீட்டுவது, மணி கோர்ப்பது, கேம் விளையாடுவது. கேம் என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதை அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது.

எந்தக் கண் நல்ல கண் என்று மட்டும் அந்த அறைக்குள் நான் கேட்கவில்லை. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். கார்டில் எழுதித்தானே இருக்கும் என்று நினைத்தேன். வெளியில் வந்து பார்த்தால் கார்டில் இருந்தது ஒரு கோணல் கோடும் ஒரு எண்ணும். ஒட்டும் பிளாஸ்டர் கொடுத்த நேர்ஸிடம் கேட்டேன்.

"வம் எஹ வஹன்ன, அம்மே. தவசட பெய தெகக்" என்றார் அவர். கண்ணை மூடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்பது விளங்கியது.

"வலது கண்ணா மிஸ்?" என்று நான் தமிழில் கேட்டேன்.

"ஒவ் ஒவ், வம, வம" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். "மொதல்ல அழும். பிச்சுப் போடும். விடாதீங்க" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் எனக்குப் புத்தியும் சொன்னார்.

அன்று பின்னேரமே வலது கண்ணில் ஒட்டினேன். மகள் அழவில்லை. பிய்த்துப் போடவில்லை. ஒரு தரம் மூக்கைச் சுளித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்குப் பெருமை. போனில் கணவருக்குச் சொன்னேன், பாடசாலையில் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அடம் பிடிக்குமாம், என் பிள்ளை ஒரு சொல்லில் கேட்டுக்கொண்டாள் என்று.

நிறம் தீட்டுவது அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. மணிகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. அப்போதுதான் அம்மா வீட்டு அலுமாரியில் கிடந்த சாம்பல் பெட்டியின் நினைவு வந்தது. எடுத்து வந்து, கேம் கட்டைகளின் செம்புப் பற்களை அழிறப்பரால் தேய்த்து, பேட்டரி போட்டேன். மூன்றாவது முயற்சியில் எழுந்து வந்தது. மகள் கைதட்டினாள். அத்தை, அதாவது என் மாமியார், குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"கண்ணு நொந்த புள்ளைக்கு கேமக் குடுக்குறா. இவ டீச்சராம்."

"டொக்டர்தான் சொன்னாரு, அத்தை."

"டொக்டரு ஆயிரம் சொல்லுவாரு. நீ வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு எந்நேரமும் போன நோண்டுனீல்ல, அது மட்டும் அவருக்குத் தெரியுமா? நான் சொல்லவா?"

அவர் சொன்னதில் உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். கண்ணில் வந்த குறை பிறவியில் வந்தது, கேமும் போனும் காரணமில்லை என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் அன்று முழுவதும் அந்த ஒன்பது மாதத்தில் எத்தனை மணி நேரம் போன் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்கு ஒரு குறை என்றதும் எல்லோருக்கும் தாயின் கை ஞாபகம் வந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வரும் தகப்பனின் கையிலும் ஒரு போன் இருக்கிறது. அதை யாரும் கேட்டதில்லை.

நான் எதையும் வரிசைப்படி செய்கிறவள். அதனால் முதலாம் பாகத்தைத்தான் முதலில் போட்டேன். அவள் விளையாடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், அவளுக்கு முடியாத இடத்தில் வாங்கிக் கடத்திக் கொடுப்பேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. பட்டியல்காரர் சொன்னது ஒரு விதத்தில் சரி, உருவங்கள் மிகவும் சிறியவை. கட்டையன் ஒரு பச்சரிசி அளவு. குதித்தால் காற்றில் நிற்க மாட்டான், கல்லைப் போட்டது போல நேரே கீழே வருவான். சின்ன வயதில் இதை எப்படி விளையாடினோம் என்று நினைத்தேன். ஆனால் மொத்தம் பன்னிரண்டு மலைதான், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்றில் தண்ணீருக்கடியில், ஒன்றில் மேகத்துக்கு மேல். இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவையும் வைத்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. பட்டியல்காரர் இரண்டாம் மலையைத் தாண்டியிருக்க மாட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மகள் தாண்டினாள். பிளாஸ்டர் ஒட்டிய முகத்தோடு, யன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு மலையாகத் தாண்டினாள். ஐந்தாம் வாரத்தில் நான் கடத்திக் கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கண்ணாடியும் வந்தது. அதில் வலது பக்கக் கண்ணாடி தடிப்பாகவும் இடது பக்கம் மெல்லியதாகவும் இருந்தது. நல்ல கண்ணுக்கு எதற்குத் தடித்த கண்ணாடி என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, அந்த இடத்தைக் கூட என்னால் காட்ட முடியும். தோன்றியதை நானே அமுக்கிவிட்டேன். படித்தவர்கள் அளந்து எழுதியது, அதில் எனக்கென்ன தெரியும் என்று. சொன்னதைச் செய்வது நல்ல பழக்கம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தார்கள். நானும் அதையே முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஏழாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை. மழை இல்லாத நல்ல வெளிச்சம். நான் எட்டடி தள்ளி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மகள் திரையின் மூலையில் குறைந்துகொண்டே போகும் நேரத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"முன்னூத்திப் பன்னண்டு. முன்னூத்திப் பதினொண்ணு. அம்மா, சீக்கிரம் ஓடணும்."

அந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்றால், நான் பெட்டியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சாய்த்துத்தான் வாசிப்பேன். அவள் மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். குறைந்த கண்ணால்.

நான் மடித்த உடுப்பைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். சுகமாகிவிட்டது! ஏழு வாரத்தில்! கணவருக்குப் போன் எடுத்தேன், அவரும் கத்தினார். அத்தை ஓடி வந்து, கதையைக் கேட்டு, மாரியம்மனை நினைத்து நெற்றியில் கை வைத்தார்.

"நான் வேண்டுனது. யாருக்கும் சொல்லல. மாவிளக்குப் போடுறேன்னு வேண்டுனேன்."

"பரவாயில்ல அத்தை, போடுவோம்" என்றேன். அன்று யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு முடிந்தது.

பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என்னால் ஒரு நல்ல செய்தியை இரண்டு தடவை சரிபார்க்காமல் வைத்துக்கொள்ள முடியாது. கதவைப் பூட்டிவிட்டு வந்து மறுபடி போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மற்றக் கண்ணால் எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள், இரண்டும் இப்போது ஒரே அளவா என்று பார்க்க நினைத்தேன். வலது கண் பிளாஸ்டரை மெதுவாக எடுத்து, புதிது ஒன்றை இடது கண்ணில் ஒட்டி, கண்ணாடியைப் போட்டுவிட்டு, பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

மகள் திரையைப் பார்த்தாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். தூரத்தில் பிடித்தாள். பக்கவாட்டில் இருந்த சுவிட்சைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, நிப்பாட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. போய்க்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப கட்டையன் எங்க?"

கட்டையன் திரையின் நடுவில் நின்றான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கண்ணால் என்னைப் பார்க்கத் திரும்பினாள். என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, என் காதைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நொடி பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்துவிட்டு அழத் தொடங்கினாள். ஏழு வாரத்துக்கு முன்பு அழுதிருக்க வேண்டிய அழுகை அது.

நான் எந்தக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது விளங்கியது. ஏற்கனவே வேலை செய்யாத கண்ணை ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம், தவறாமல், நேரம் பார்த்து நான் மூடி வைத்திருந்தேன். ஒரு நாள் கூட விடவில்லை. காய்ச்சல் வந்த நாளிலும் ஒட்டினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது நேர்ஸோடு பேச வேண்டியதைச் சிங்களத்தில் கோத்துக்கொண்டே போனேன். நான் படித்த சிங்களம் பாடசாலையில் ஒரு பாடம், சோதனைக்கு எழுதியது. கோபப்பட அந்தச் சிங்களம் போதாது. கிளினிக் நாள் இல்லாததால் கூட்டம் குறைவு. அதே நேர்ஸ் இருந்தார். நீங்கள் வலது கண்ணை மூடச் சொன்னீர்கள், அது தவறான கண் என்று எனக்கு முடிந்த மாதிரி சொன்னேன்.

அவர் பழைய புத்தகத்தை எடுத்து விரலால் தேடினார்.

"மங் கிவ்வே வம கியலனே" என்றார். நான் சொன்னது வம என்றுதானே.

"அதான் மிஸ்! வலது!"

"வம" என்று அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "வம!"

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வம என்றால் இடது. வலதுக்கு அவர்கள் சொல்லும் சொல் தகுண. அவர் வம என்றபோது நான் வலது என்று கேட்டேன். நான் வலது என்றபோது அவர் வம என்று கேட்டார். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு, இரண்டு கண்ணில் ஒன்றைத் தவறவிட்டோம்.

அவருக்கும் முகம் மாறிவிட்டது. "அனே" என்று வாயில் கை வைத்தார். டொக்டரிடம் உள்ளே கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். டொக்டர் மறுபடி பார்த்துவிட்டு, நல்ல கண்ணுக்குச் சேதம் இல்லை, குறைந்த கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஐந்து வயதுதானே, இன்றைக்கு ஆரம்பியுங்கள் என்றார். ஏழு வாரம் போனது போனதுதான் என்றும் சொன்னார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேர்ஸ் கெட்டவர் இல்லை. நூறு பேருக்கு ஒருவராக நின்றார். ஆனால் அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். தோட்டங்களிலிருந்து விடியக்காலையில் பஸ் பிடித்து வருகிறவர்கள். ஒரு பிள்ளையின் எந்தக் கண்ணை மூட வேண்டும் என்கிற ஒரு சொல்லை, ஒரே ஒரு சொல்லை, அந்தப் பிள்ளையின் தாய் வாசிக்கிற எழுத்தில் எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். நேர்ஸ் பேனையை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுங்க அம்மே. எனக்கு எழுதத் தெரியாதுதானே."

இடது கண்ணை மூடவும் என்று என் மகளின் கார்டில் நானே எழுதினேன். அதையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. அவர் அதைப் பார்த்து ஒரு தாளில் எழுத்து எழுத்தாக வரைந்து வைத்துக்கொண்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று சொல்லவில்லை.

வீட்டில் உண்மையைச் சொன்னேன். மறைத்திருக்கலாம். அத்தை மெதுவாக, "படிச்ச புள்ள நீ" என்றார். அதற்கு முன்பு அவர் சொன்ன எல்லாவற்றையும் விட அது எனக்கு அதிகமாக வலித்தது. "கேம் இல்லாட்டி இன்னும் தெரிஞ்சிருக்காது அத்தை" என்றேன். அவர் அதைக் கேட்காதது போலக் குசினிக்குப் போய்விட்டார். கேமினால்தான் கண் கெட்டது என்று அவர் தன் அண்ணன் வீட்டில் சொல்லியிருந்ததை அவர் திருத்தவே இல்லை. எனக்குத் தெரிந்து இன்றுவரை திருத்தவில்லை.

இப்போது உண்மையான வேலை தொடங்கியது. நேர்ஸ் சொன்னது சரிதான், அழுதாள், பிய்த்துப் போட்டாள். ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. அத்தைதான் பிடித்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதலாம் பாகத்தில் கட்டையனை அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. "வெறும் பெட்டி" என்று தள்ளிவிட்டாள். நான் இரண்டாம் பாகத்தை எடுத்துப் போட்டேன்.

பட்டியல்காரர் எதைக் குறை என்று எழுதினாரோ அதுதான் அங்கே இருந்தது. கட்டையன் திரையில் கால்வாசி. தலை பெரிது, சப்பாத்து பெரிது, கண்கள் இரண்டு கறுப்புப் பொட்டு. அவன் மெதுவாகத்தான் ஓடுவான், குதித்தால் இலை போல இறங்குவான். இதை நான் சின்ன வயதில் அவ்வளவாக மதித்ததில்லை, குழந்தைகளின் கேம் என்று ஒதுக்கியிருக்கிறேன். மகள் பெட்டியை மூக்கில் முட்டும் அளவுக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு தலை இருக்கு" என்றாள்.

"யார் தலை?"

"தெரியல. கட்டையன் மாதிரி. ரொம்ப தின்னுட்டான் போல."

நான் சிரித்தேன். அழவும் செய்தேன், அவள் மூடிய கண் பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. எதிரே என்ன வருகிறதென்று தெரியாத கேமாம். எதிரே வருவதைக் காண முடியாத ஒரு கண்ணுக்கு, தான் நிற்கிற இடமாவது தெரிகிற ஒரு கேமை யார் செய்து வைத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அவள் முதல் குழியில் விழுந்தாள். மறுபடி விழுந்தாள். அந்த வாரம் முழுவதும் அதே குழியில் விழுந்தாள். என் கை துடித்தது. வாங்கிக் கடத்திக் கொடுத்தால் அழுகை நிற்கும். ஆனால் கடத்துவது என் கண்ணாக இருந்தால் அவளுக்கு என்ன லாபம்? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் செய்வது சரியா, பிள்ளையை வதைக்கிறேனா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். ஒன்பதாம் நாள் அவள் குழியைத் தாண்டினாள். தாண்டியதை அவளே நம்பாமல் திரும்பி நடந்து வந்து அந்தக் குழியில் மறுபடி விழுந்தாள்.

நான்கு மாதம் அந்த ஒரு கேம். அதற்குப் பிறகு மூன்றாம் பாகம், பேசுவதற்கு ஒன்றுமில்லாத அந்தப் பாகம். வெட்டிச் சுருக்கியதுதான், ஒத்துக்கொள்கிறேன். சுருக்கியவர்கள் கட்டையனை நடுத்தர அளவில் வைத்து, அவனைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தக் கோட்டை நான் கவனித்ததே இல்லை. இப்போது என் மகளுக்காக யாரோ போட்டது போல இருந்தது. அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் மறுபடி கிளினிக். மகள் அந்தக் கண்ணால் எழுத்துப் பலகையில் மூன்று வரி வாசித்தாள். முன்பு மேலே உள்ள ஒற்றைப் பெரிய எழுத்தே தெரியாது. இன்னும் நான்கு வரி இருக்கிறது. டொக்டர் நல்லது என்றார், விடாமல் செய்யுங்கள் என்றார். எல்லா வரியும் வருமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஏழு வாரம் முந்தி ஆரம்பித்திருந்தால் வருமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மருந்துத் துண்டுக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். மகள் இடது கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் பாகத்தில் ஏதோ ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டயகமப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மடியில் பிளாஸ்டர் ஒட்டிய மூன்று வயதுப் பிள்ளை. தேயிலைச் சாயம் பிடித்த விரல்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எந்தக் கண்ண மூடச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எடது கண்ணுங்க."

"நேர்ஸ் என்னா சொன்னாங்க? சிங்களத்துல சொன்னாங்களா?"

"ஆமாங்க. வமன்னாங்க."

"வமன்னா எடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது தெரியாமலா? பஸ்ஸு பின்னுக்கு எடுக்கையில கொண்டக்டர் பயலுக வமட வமடன்னு தொண்டை கிழியக் கத்துறானுகளே. நீங்க பஸ்ஸுல போறதில்லையாங்க?"

சின்ன வயதிலிருந்து நான் பஸ்ஸில்தான் போகிறேன். யன்னலோரத்தில் உட்கார்ந்து கொப்பி திருத்திக்கொண்டு போகிறேன். அவர் பிள்ளையின் கண்ணைச் சரியாகத்தான் மூடியிருந்தார், கார்டும் சரி, எல்லாம் சரி. என்னைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்ததையும் நான் கவனித்தேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து, மகளிடம் இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த பெஞ்சில் பிளாஸ்டர் பெட்டியோடு இருந்த தாயிடம் போய், "எந்தக் கண்ணுன்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.